கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பி வருபவர்கள்

தொலைக்காட்சி கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



பூச்சோங்கில் பண்டார் புத்ரி பக்கம் மாலை ஏழரை மணிக்குப் போய்ப் பாருங்கள். எல்.டி.பி. நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். கடை வரிசைகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய காரியம். அப்படி அரும்பாடுபட்டு இடம் பிடித்த ஒருவர், காரை விட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பின் இருக்கையில் ஒரு பை. அதில் துண்டு, தண்ணீர் போத்தல், பல வருடங்களுக்கு முன் வாங்கிய காலணி. மேலே முதல் மாடியில் ஜிம். கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே ஓடுபவர்களும் எடை தூக்குபவர்களும் தெரிகிறார்கள்.

பத்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு காரைக் கிளப்பிக்கொண்டு மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். “என்னங்க, இன்னைக்கு ஜிம்முக்குப் போனீங்களா?” என்று மனைவி கேட்டால், “கூட்டமா இருந்துச்சு, நாளைக்குப் போறேன்” என்கிறார்.

இவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடலாம். நம் வீடுகளில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் சோம்பேறி பை எடுத்துக்கொண்டு வரமாட்டார். நெரிசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்து கார் நிறுத்தமாட்டார். இவரைத் தடுப்பது பயம். நாற்பது வயது ஆண்பிள்ளை ஜிம் வாசலைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வார்? சொல்ல முடியாததால்தான் அது சோம்பேறித்தனம் என்ற பெயரில் உலவுகிறது. இன்றைய உரை அந்தப் பயத்தைப் பற்றியது.

விட்டுப்போனது எப்போது?

பலருக்கும் அந்தத் தேதியே நினைவிருக்கும். 2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன. பிறகு திறந்தன, மீண்டும் மூடின, 2021ஆம் ஆண்டிலும் அதே கதை. இரண்டு வாரம் என்று நினைத்தது இரண்டு வருடமானது. எல்லாம் திறந்த பிறகு பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் “அடுத்த மாதம்” என்றார்கள். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை.

வேறு சிலருக்குக் காரணம் வேறு. குழந்தை பிறந்தது, முழங்கால் வலி வந்தது, வேலை மாறியது, அப்பாவை டயாலிசிசுக்கு வாரம் மூன்று முறை அழைத்துப்போக வேண்டியிருந்தது. இந்தக் கடைசிக் காரணம் கொஞ்சம் வேதனையானது. தகப்பனாரின் இனிப்புநீர் நோய் மகனின் உடற்பயிற்சி நேரத்தைத் தின்றுவிடுகிறது. மகன் அதே நோயை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறார்.

இது மிகைப்படுத்தல் அல்ல. சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய சுகாதார, நோயுற்றோர் ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். 2023 ஆய்வில் தேசிய அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆனால் அதே ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோடோ உடல்பருமனோடோ இருந்தார்கள். போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு. நம் நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூலகாரணம் நீரிழிவுதான்.

பூச்சோங்கின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை புலப்படும். ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்த ஊர் இது. காசல்பீல்டு, கின்ராரா என்று இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் மிஞ்சியிருப்பவை அந்நாளைய தோட்டங்கள். விடியற்காலையில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளியைத் தோளில் சுமந்தவர்களிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். 1999இல் எல்.டி.பி. நெடுஞ்சாலை வந்தது, 2016இல் எல்.ஆர்.டி. வந்தது. பேரப்பிள்ளைகள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். தாத்தாவின் சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. உழைப்பை இப்போது மாதம் நூறு, நூற்றைம்பது வெள்ளி கட்டி வாங்க வேண்டிய காலம்.

“உடம்பு போட்டுட்டீங்களே!”

சரி, காருக்குள் உட்கார்ந்திருக்கும் நம் ஆளிடம் திரும்புவோம். அவருக்கு என்ன பயம்?

முதலில், தெரிந்த முகம். முன்பு ஒன்றாகப் பயிற்சி செய்தவர் யாராவது உள்ளே இருப்பார். “என்ன பாஸ், ஆளையே காணோம்? உடம்பு போட்டுட்டீங்களே!” என்பார். நம்மவர்களிடம் இது ஒரு நலம் விசாரிப்பு. கல்யாண வீட்டில், கோயிலில், கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் முதல் வார்த்தை உடம்பைப் பற்றித்தான். ஒன்று, “உடம்பு போட்டுட்டீங்க.” இல்லையென்றால், “ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, சர்க்கரையா?” நடுவில் ஒரு நிலை கிடையாது. சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, அடுத்த நிமிடம் மறந்தும் விடுவார். கேட்டவர் அதை இரவு படுக்கும்வரை வைத்திருப்பார். இந்தப் பழக்கம் நம்மிடையே கொஞ்சம் குறைந்தால் நல்லது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு இறுக்கமான உடையில் ஆண்கள் நடுவே போய் நிற்கக் கூச்சம். வீட்டில் மாமியார், “இந்த வயசுல இது எதுக்கும்மா, வீட்டு வேலை செஞ்சாலே உடம்பு இறங்குமே” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பை மறுபடி அலமாரிக்குள் போய்விடும். பெண்களுக்கென்றே தனி உடற்பயிற்சிக் கூடங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இயங்குகின்றன. அங்கே சேர்வதை யாரும் குறைவாக நினைக்கத் தேவையில்லை. தொளதொளவென்ற டி-சட்டையும் டிராக் பேண்டும் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மற்றவர்கள் நம் உடலைப் பார்த்து எடைபோடுகிறார்கள் என்ற இந்தக் கவலையை மனோதத்துவ நிபுணர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1989இல் ஹார்ட், லியரி, ரெஜெஸ்கி ஆகிய மூவர் அதை அளப்பதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். உலகம் முழுக்க உள்ள கவலை என்பதால்தான் அளவுகோலே தேவைப்பட்டது.

அதைவிடச் சுவையானது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற பேராசிரியரும் சகாக்களும் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரு மாணவருக்கு, பாடகர் பேரி மனிலோவின் படம் போட்ட டி-சட்டையை மாட்டிவிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்க மாணவர்களுக்கு அதைப் போட்டுக்கொண்டு வெளியே வருவது பெரிய மானப் பிரச்சினை! அந்தச் சட்டையோடு மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பிறகு, “எத்தனை பேர் உன் சட்டையைக் கவனித்திருப்பார்கள்?” என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்று போட்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

ஜிம்முக்குள் இருப்பவர்களும் இப்படித்தான். ஒருவர் தன் கைத்தசையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் காதில் பாட்டு மாட்டியிருப்பார். மூன்றாமவர் எத்தனை முறை தூக்கினோம் என்ற கணக்கில் இருப்பார். புதிதாக உள்ளே வந்தவரின் தொப்பையைப் பார்க்க அங்கே யாருக்கும் அதிக நேரமில்லை. கால்வாசிப் பேர் பார்க்கத்தான் செய்வார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

பழைய எடை, புதிய உடம்பு

இரண்டாவது பயம் தன்னைப் பற்றியது. “அப்போது எண்பது கிலோ தூக்கினேன், இப்போது நாற்பது கூட முடியாமல் போனால்?” இந்தக் கேள்வி முதல் பயத்தைவிட ஆழமானது. வெளியாள் கேலி செய்தால் கோபப்பட்டு மறந்துவிடலாம். தன் பழைய உருவமே எதிரில் நின்று கேலி செய்தால் என்ன செய்வது?

இதற்கு அறிவியல் ஆறுதல் தருகிறது. இடைவெளி விட்டால் மூச்சு வாங்கும் திறன் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். மாடிப்படி ஏறும்போதே அது தெரிந்துவிடும். தசையின் பலம் அதைவிட மெதுவாகத்தான் குறைகிறது. நீண்ட காலம் விட்டால் அதுவும் போகும், ஆனால் போனது போனதுதான் என்று இல்லை. நார்வே நாட்டின் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். தசை பெரிதாகும்போது அதன் இழைகளுக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன; பிறகு தசை மெலிந்து போனாலும் அந்த உட்கருக்கள் உடனே அழிவதில்லை. மனிதர்களிடமும் அப்படியே நடக்கிறதா என்பதில் இன்னும் விவாதம் உண்டு.

மனிதர்களை வைத்து பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஒரு குழு இருபது வாரம் தொடர்ந்து எடைப்பயிற்சி செய்தது. இன்னொரு குழு பத்து வாரம் செய்து, பத்து வாரம் முழுவதுமாக நிறுத்தி, மறுபடி பத்து வாரம் செய்தது. முடிவில் இரு குழுவினரின் பலமும் தசை அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. விட்டவர்கள் இழந்ததை முதல் சில வாரங்களிலேயே மீட்டுவிட்டார்கள். பத்து வார இடைவெளியும் ஐந்து வருட இடைவெளியும் ஒன்றல்ல, அது உண்மை. ஐந்து வருடம் விட்டவருக்கு இன்னும் காலம் பிடிக்கும். ஆனால் அவர் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. எப்படி நிற்பது, எப்படி மூச்சு விடுவது, எந்தக் கருவி எதற்கு என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அவமானத்துக்குப் பயந்து முதல் நாளே பழைய எடையைத் தூக்கிக் காட்டுவது! இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். மறுநாள் கையைத் தூக்கித் தலை வார முடியாது. சாதாரண தசைவலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு அடங்கிவிடும். அளவு மீறினால் தசையே சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கடுமையான வலி, வீக்கத்தோடு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களைப் பயிற்றுவிக்கும் இரண்டு அமைப்புகள் 2019இல் கூட்டாக ஒரு வழிகாட்டி வெளியிட்டன. இடைவெளிக்குப் பின் திரும்பும் வீரருக்கு முதல் வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள், இரண்டாம் வாரம் 30 விழுக்காடு குறைவாகக் கொடுங்கள், பிறகு படிப்படியாக ஏற்றுங்கள் என்பது அதன் சாரம். கல்லூரி வீரர்களுக்கே பாதி என்றால், மேசை முன் ஐந்து வருடம் உட்கார்ந்தவர் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கினால் யாரும் சிரிக்க முடியாது.

இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கட்டணம் ஒரு வெள்ளிதான். காத்திருக்கத்தான் வேண்டும். சில மருந்துகள் எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கி மயக்கம் வரும். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி வந்தால் அதே இடத்தில் நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

சிவசங்கரி திரும்பிய பாதை

திரும்பி வருவதைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அலோர் ஸ்டாரில் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி. 2022 ஜூனில் மெக்ஸ் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் முகத்திலும் கழுத்துப் பகுதி முதுகெலும்பிலும் அடிபட்டது. பூச்சோங்காரர்கள் புத்ராஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வரும் அதே சாலை. அந்த ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கைநழுவியது. அப்போது அவருக்கு வயது 23.

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றார். 2024இல் இலண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் போட்டியின் இறுதியாட்டத்தில் எகிப்தின் ஹானியா எல் ஹமாமியைத் தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்தார்.

“சிவசங்கரியைப் பார், உனக்கு என்ன கேடு?” என்று வீட்டில் யாரையும் குத்திக்காட்ட இந்தக் கதையைப் பயன்படுத்த வேண்டாம். அவர் தொழில்முறை வீராங்கனை. மருத்துவர், இயன்மருத்துவர், பயிற்சியாளர் என்று சுற்றிலும் ஆள் இருந்தது. நம் ஆளுக்கு ஒரு பழைய காலணியும் எட்டு மணி நேர வேலையும்தான் இருக்கின்றன. ஒப்பிடக்கூடியது ஒன்றே ஒன்று. கழுத்தில் அடிபட்ட ஒருவர் எழுந்த மறுநாளே மட்டையைப் பிடித்து ஆட்டம் போட்டுவிட முடியாது. விபத்துக்கும் ஹாங்சோ தங்கத்துக்கும் இடையே பதினைந்து மாதங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவது பதக்க மேடை மட்டுமே. அதற்கு முன் நடந்த சின்னச் சின்னப் பயிற்சிகளை யாரும் ஒளிபரப்புவதில்லை.

வாசலுக்கு முன்னால் ஒரு வாசல்

நேராக ஜிம்முக்குப் போக முடியாதவர்களுக்குப் பூச்சோங்கில் வேறு இடமும் உண்டு. பூச்சோங் பெர்டானா ஏரியைச் சுற்றி நடக்கலாம். கொஞ்சம் தெம்பு வந்தால் ஆயர் ஹீத்தாம் வனத்தை ஒட்டிய வாவாசான் குன்றில் ஏறலாம். 1996இல் புத்ரா பல்கலைக்கழகத்துக்கு எண்பது வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட வனம் அது. சுற்றிலும் வீடுகள் எழுந்த பிறகும் நகரத்தின் நடுவே பச்சையாக நிற்கிறது. வார இறுதிக் காலைகளில் அங்கே அறுபது வயதுச் சீனப் பாட்டிகள் நம்மைத் தாண்டிக்கொண்டு போவார்கள். கூச்சப்படத் தேவையில்லை, அவர்கள் எல்லோரையும்தான் தாண்டுகிறார்கள்.

நடப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் தங்கம் வாங்கியது ஐம்பது கிலோமீட்டர் நடையில்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது. வேகமாக நடப்பதும் அந்தக் கணக்கில் சேரும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. ஜிம் தேவைப்படுவது அந்த இரண்டு நாளுக்குத்தான். ஏழு நாளும் போகவேண்டும் என்று நினைத்துத்தான் பலர் ஒரு நாளும் போவதில்லை.

போகிற நேரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். மாலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் பெரிய கூட்டம். அதிகாலையிலோ இரவு ஒன்பதரைக்கு மேலோ போனால் பாதிக் கருவிகள் சும்மா இருக்கும். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது, பேச்சுத்துணைக்காவது ஆகும். என்ன செய்யப்போகிறோம் என்பதை வீட்டிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூடத்தின் நடுவில் நின்று எங்கே போவது என்று விழிக்கும் அந்த அரை நிமிடம்தான் பலரை விரட்டுகிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரும்பி வருகிறோம் என்ற உற்சாகத்தில் இரண்டு வருடச் சந்தாவை ஒரேயடியாகக் கட்டிவிடாதீர்கள். 2017 ஜூனில் இந்நாட்டில் ஒரு பெரிய உடற்பயிற்சி நிறுவனம் தன் கிளைகளைத் திடீரென மூடியபோது, முன்பணம் கட்டியவர்கள் திகைத்து நின்றது நினைவிருக்கலாம். ஒரு நாள் கட்டணம் அல்லது மாதக் கட்டணம் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் பிரச்சினை வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நிறையக் கட்டிவிட்டோம் என்ற குற்ற உணர்வு ஆட்களை ஜிம்முக்கு வரவழைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். நடைமுறையில் அந்தக் குற்ற உணர்வே இன்னொரு பயமாகி, அந்தப் பக்கம் போகும் சாலையையே தவிர்க்கச் செய்கிறது.

காருக்குள் உட்கார்ந்திருந்தவரை அங்கேயே விட்டுவிட்டோம். இந்த முறை அவர் செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு வருகிறார். கார் நிறுத்த இடம் தாராளமாக இருக்கிறது. மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்குகிறது. முகப்பில் இருக்கும் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. “அண்ணே, புது மெம்பரா?” என்கிறான். “பழைய மெம்பர்தான் தம்பி, ரொம்ப நாளாச்சு” என்கிறார் இவர். பையன் கணினியில் பெயரைத் தேடுகிறான், கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று புதிதாகப் பதிந்துகொண்டு, தண்ணீர் இயந்திரம் இடம் மாறிவிட்டது, இப்போது பின்பக்கம் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறான். இருபது நிமிடம் நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்துவிட்டு, கையில் எழுதிக்கொண்டு வந்த நான்கு பயிற்சிகளில் இரண்டை மட்டும் முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறார். மீதி இரண்டை வெள்ளிக்கிழமைக்கு வைத்திருக்கிறார்.